தலையை வெட்டிய கதை

"கெனாப்பா போத்தோங் கெப்பாலா?" என்று பீபிக் கேட்டதும் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என் மலாய் அம்மாவிடமிருந்து ஓசியில் வந்த சந்தை மலாய், கறிவேப்பிலை வாங்கவும் பேருந்து எண் கேட்கவும் போதும், அதற்கு மேல் இழுக்காது. ஏன் தலையை வெட்டினாய் என்கிறார். யார் தலையை நான் வெட்டினேன்? நான் அப்போது கையில் பிடித்திருந்தது இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ். அதில் மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றிய பழைய பாத்திக் துணி, செய்தித்தாள் துண்டுகள், கொஞ்சம் தங்கநிற அக்ரிலிக், ஓரத்தில் ஜரிகை. வார இறுதி ஓவிய வகுப்பில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன படம். அதைக் காட்டிப் பாராட்டு வாங்கத்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பீபிக் எங்கள் மாடியில் மூன்று கதவு தள்ளி இருக்கும் பெரனாக்கான் பாட்டி, அதாவது மலாய் வழக்கங்கள் கலந்த சீன வம்சாவளிக் குடும்பம். பெரனாக்கான் வீடுகளில் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அம்மா கூப்பிட்டதைப் பார்த்து எனக்கும் அதே பழகிவிட்டது, அவர் பெயரே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. அலமாரியை ஒழித்தபோது ஒரு மூட்டைத் துணியை என்னிடம் தள்ளிவிட்டு, "கேர்ள், நீதான் ஏதோ ஆர்ட் பண்ணுகிறாயே, எடுத்துக்கோ" என்றார். அதில் இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு சாரோங், ஜாவாவின் பெக்காலோங்கான் ஊர் வேலை, நடுவில் இற்றுப்போயிருந்தாலும் ஒரு பக்கத்தில் ரோஜாவும் பட்டாம்பூச்சியும் நிறம் மங்காமல் இருந்தன. இருப்பதிலேயே அழகான இடம் அதுதான் என்று கத்தரியை எடுத்துக் கச்சிதமாக வெட்டி ஒட்டிவிட்டேன்.

அந்த அழகான இடத்துக்குப் பெயர்தான் கெப்பாலா. தலை. சாரோங்கின் மிச்சத்துக்குப் பெயர் பாடான், உடல். தலை என்பது அகலமான ஒரு பட்டை, நிறமும் கோலமும் மாறி நிற்கும், உடுத்தும்போது அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உடையின் முகமே இருக்கிறது. பெரனாக்கான் பெண்கள் முன்பக்கம் வைப்பார்கள். பீபிக் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடானது, ஏனென்றால் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நம் சேலைக்கும் உடல், தலைப்பு என்றுதானே சொல்கிறோம்? பாட்டியின் கூறைப்புடவையிலிருந்து முந்தானையை மட்டும் வெட்டிச் சட்டத்தில் மாட்டிவிட்டு அதே பாட்டியிடம் கொண்டுபோய் "எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் என்ன கிடைக்கும்? அதுதான் எனக்கும் கிடைத்தது, கொஞ்சம் மரியாதையாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துணியை ஒட்ட அக்ரிலிக் ஜெல்லைப் பூசினேன், மேலேயும் ஒரு பூச்சு. காய்ந்தபின் அந்த மெல்லிய பருத்தி ரெக்சின் மாதிரி ஆகிவிட்டது. பீபிக் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஐம்பது அறுபது வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி அது. அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டவள் நான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போல நான் எதையும் ஒட்டவில்லை, பார்க்க மட்டும் போனேன். 2023இல் சிங்கப்பூர் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பெரனாக்கான் அரும்பொருளகம் திரும்பத் திறந்ததும் மூன்று நான்கு முறை போயிருப்பேன். அங்கே ஒரு கெபாயாவின் (சாரோங்குக்கு மேல் பெண்கள் போடும் சட்டை) முன்னால் நின்றிருந்தபோது தோன்றியது இது: இந்த உடையே ஒரு கலப்பு ஊடகம். நான் புதிதாக எதைக் கலக்கப்போகிறேன்? கெபாயா என்ற பெயருக்கு அரபு வேர் சொல்கிறார்கள், போர்த்துக்கீசியர் வாய் வழியாக வந்தது. 'வாயில்' (voile) என்கிற மெல்லிய துணியும் லேசும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறின. கீழே கட்டும் பாத்திக் ஜாவாவின் வடகரையிலிருந்து, அதுவும் சீனர், யுரேசியர், அரேபியர், ஜாவானியர் எனப் பலரும் நடத்திய பட்டறைகளிலிருந்து. பூவேலைக்கு வந்த பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் சீனத்துச் சரக்கு. தையல் இயந்திரம் வந்தபிறகு துணியில் ஓட்டை போட்டு ஓரம் கட்டும் 'தெபோக் லூபாங்' வேலையை அதிலேயே செய்தார்கள், எம்பிராய்டரிக்கு என்று தனி இயந்திரம் இல்லை, கால் மிதிக்க மிதிக்கக் கைதான் துணியை வளைத்து வளைத்துப் பூவாக்க வேண்டும். கெபாயாவுக்குப் பித்தானும் கிடையாது. குரோசாங் என்று மூன்று ஊசிப்பதக்கங்கள், பெரியது தாய், சின்னவை இரண்டும் பிள்ளைகள். அவற்றைச் செய்த பொற்கொல்லர்களில் சீனரோடு இலங்கையரும் இந்தியரும் இருந்திருக்கிறார்கள்.

இத்தனை ஊர்ச் சரக்கு ஓர் உடம்பின் மேல் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதற்கு உள்ளே ஏதோ ஒழுங்கு இருக்கிறது. தலை எங்கே, உடல் எங்கே, எந்த நிறம் எந்த நாளுக்கு, யார் எதை உடுத்தலாம். என் கேன்வாஸில் சரக்கு மட்டும் இருந்தது, அந்த ஒழுங்கு இல்லை. ஹோட்டல் வரவேற்பறைகளில் மாட்டியிருக்கும் பாத்திக் படங்களைப் பார்த்தால் எனக்கு இப்போது இதுதான் கண்ணில் படுகிறது. நல்ல துணி, நல்ல சட்டம், சுவருக்கு ஏற்ற நிறம். ஆனால் அது சுவர்த்தாள். கோபமெல்லாம் இல்லை, நானும் செய்தவள்தானே.

யார் எதை உடுத்தலாம் என்றேன் இல்லையா, அது சும்மா சமூக வழக்கம் மட்டும் இல்லை. ஜாவாவின் யோக்யகார்த்தா, சுராகார்த்தா அரண்மனைகளில் சில பாத்திக் கோலங்கள் அரச குடும்பத்துக்கு மட்டும் என்று கட்டளையே இருந்தது, கத்தி போல் சாய்ந்து ஓடும் பாராங் கோலம் அதில் ஒன்று. இன்றைக்கு பூகிஸ் பக்கம் போனால் அதே பாராங் அச்சில் பணப்பையும் தலையணை உறையும் கிடைக்கின்றன. இது சீரழிவா விடுதலையா என்று என்னைக் கேட்டால், வாரத்துக்கு ஒரு பதில் சொல்வேன்.

சரி, துணியை வைத்து உண்மையிலேயே ஏதாவது செய்தவர்கள் யார் என்று தேட ஆரம்பித்தேன். மலேசியாவின் சபாவைச் சேர்ந்த யீ ஐ-லான் முதலில் என்னைப் பிடித்துக்கொண்டார். 2010இல் 'ஓராங் பெசார்' என்று ஒரு வரிசை செய்திருக்கிறார். ஓராங் பெசார் என்றால் பெரிய மனிதர், நம்மூரில் பெரிய இடம் என்று சொல்வோமே, அந்த அர்த்தத்தில். புகைப்படத்தைப் பட்டுத்துணியில் அச்சிட்டு, அதன் மேல் சாந்திங் என்கிற மெழுகுப் பேனாவால் வரைந்து சாயம் ஏற்றி, 'காயின் பாஞ்சாங்' என்கிற நீளத்துணி வடிவத்திலேயே விட்டிருக்கிறார். ஒன்றின் தலைப்பிலேயே கெப்பாலா என்ற சொல்லை வைத்திருக்கிறார், ஊன் தின்னும் கெப்பாலா என்று. அதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன், பீபிக்குடன் பட்ட அவமானமெல்லாம் கொஞ்சம் கரைந்தது. துணியின் தலை, ஊரின் தலை, அடியில் இருப்பவர்களைத் தின்று வளரும் தலை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. துணிக்கு ஏற்கனவே தெரிந்த விஷயத்தைத் துணியையே சொல்லவிடுகிறார்.

மெல்லா யார்ஸ்மா நெதர்லாந்தில் பிறந்தவர், 1984 முதல் யோக்யகார்த்தாவில் இருக்கிறார். 1998 மே மாதம் இந்தோனேசியாவில் சீன வம்சாவளியினர் தாக்கப்பட்ட கலவரத்துக்குப் பிறகு அவர் செய்தது 'ஹாய் இன்லாண்டர்'. இன்லாண்டர் என்பது டச்சுக்காரர்கள் உள்ளூர்க்காரர்களை மட்டம் தட்டி அழைத்த சொல். தவளைத் தோல், மீன் தோல், கோழிக்கால், கங்காருத் தோல் ஆகியவற்றைத் தைத்துத் தலையோடு உடம்பையும் மூடும் போர்வை ஆடைகள். உள்ளே ஓர் ஆள் நிற்பார், கண்ணும் காலும் கையும் மட்டும் தெரியும். 1999இல் பிரிஸ்பேனில் நடந்த ஆசிய பசிபிக் கண்காட்சியில் அந்தந்த மிருகத்தின் இறைச்சியைச் சமைத்து வந்தவர்களுக்குப் பரிமாறவும் செய்தார்கள். ஒருவருக்கு விருந்து, இன்னொருவருக்கு விலக்கு. எந்த மதத்துக்காரர், எந்த இனத்துக்காரர் என்று தோலைப் பார்த்து முடிவு செய்கிற ஊரில், இந்தா வேறு தோல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், இப்போது சொல் நான் யார் என்கிற மாதிரி. எனக்குப் படத்தில் பார்க்கவே வயிற்றைப் புரட்டியது. புரட்ட வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்.

இந்தோனேசியாவின் தித்தாரூபியின் வேலையை மட்டும் நேரில் பார்த்தேன், 2016 சிங்கப்பூர் இருபதாண்டு... இல்லை, ஈராண்டுக் கண்காட்சியில் (பியன்னாலே என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் தடுமாறுகிறேன்). எரிந்து கரியான படகுகள், அவற்றின் மேல் ஆளில்லாமல் எழுந்து நிற்கும் நீள அங்கிகள். தூரத்தில் பார்த்தால் தங்கம். கிட்டே போனால் எல்லாம் ஜாதிக்காய், தங்கமுலாம் பூசிய ஜாதிக்காய்கள். ஜாதிக்காய் விளைந்த பண்டாத் தீவுகளுக்காக 1621இல் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் அங்கிருந்த மக்களைக் கொன்றும் அடிமைகளாக்கியும் கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்தது. 1667 ஒப்பந்தத்தில் அந்தத் தீவுகளில் ஒன்றான ருன் டச்சுக்காரர்களிடமும், மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களிடமும் நின்றன. அத்தனையும் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கிடக்கிற ஒரு காய்க்காக. அங்கிக்குள் ஆள் இல்லை என்பதைத்தான் நான் அன்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாய்லாந்தின் ஜக்காய் சிரிபுத்ரும் வெற்று ஆடையைத்தான் எடுத்தார். 2004 அக்டோபரில் தென்கோடித் தாய்லாந்தின் தாக் பாயில் போராட்டக்காரர்களைக் கையைக் கட்டி ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனதில் 78 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். பத்து வருடம் கழித்து அவர் செய்த படைப்பின் பெயர் வெறும் '78'. கறுப்புத் துணி போர்த்திய ஓர் அறை, உள்ளே அடுக்கடுக்காக முஸ்லிம் ஆண்கள் உடுத்தும் நீளச்சட்டைகள், அவற்றில் நூலால் தைத்த எண்கள். மனிதர்களை அடுக்கியதை, மடித்த சட்டைகளை அடுக்கிக் காட்டிவிட்டார். தைப்பது இவ்வளவு மெதுவான வேலை என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஒரு எண்ணைத் தைக்கிற நேரம் முழுக்க அந்த ஒருவரோடு இருந்தாக வேண்டும்.

சிங்கப்பூர் ஆற்றோரம் ராபர்ட்சன் கீ பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு அல்காஃப் பாலம் தெரிந்திருக்கும், 2004இல் பசித்தா அபாட் 55 நிறங்களில் 2,350 வட்டங்கள் போட்டு வண்ணமடித்த பாலம். பிலிப்பைன்ஸின் பத்தானேஸ் தீவுக்காரர். கேன்வாஸைப் பஞ்சு அடைத்து, தைத்து, சோழி, பித்தான், கண்ணாடிச்சில் எல்லாம் பதித்துப் பெரிய பெரிய படங்கள் செய்தவர். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவில்தான் இந்தப் பாலத்தை முடித்தார், அதே வருடக் கடைசியில் இறந்துபோனார். அவருடைய படங்களில் சட்டம் கிடையாது, சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம், அது எனக்கு அப்புறம் உதவியது.

இதற்கு நடுவில் என் தாத்தா வந்து சேர்ந்தார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வீட்டில் எப்போதும் கட்டம் போட்ட கைலிதான். கீழ்மாடி மலாய்க்காரப் பெரியவரும் அதே மாதிரிக் கட்டம்தான், தொழுகைக்குப் போகும்போது நல்லதாக ஒன்று. அவர் அதை 'காயின் பெலேக்காட்' என்பார். சின்ன வயதில் நான் அது ஏதோ மலாய்ச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பழவேற்காடு! டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் வந்து கோட்டை கட்டிய நம் பழவேற்காடு, வெள்ளைக்காரன் வாயில் புலிகாட், மலாய்க்காரர் வாயில் பெலேக்காட். சோழமண்டலக் கரையிலிருந்து போன கட்டத்துணி அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு போய், மலாய் ஆணின் அன்றாட உடையாக உட்கார்ந்துவிட்டது. அதற்கும் கெப்பாலா உண்டு, கொஞ்சம் நிறம் மாறிய பட்டை, ஆண்கள் அதைப் பின்பக்கம் வைத்துக் கட்டுவார்கள். தாத்தா அதைக் கவனித்ததே இல்லை, எந்தப் பக்கம் வந்தால் என்ன என்று சுற்றிக்கொள்வார். கீழ்மாடிப் பெரியவர் அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. மலாக்காச் செட்டிகள் தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. 2018இல் இந்திய மரபுடைமை நிலையத்தில் அவர்களைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது, அந்த உடைகளுக்கு முன்னால் நின்று பக்கத்தில் ஒருவர் "இது நம்ம டிரெஸ் இல்லையே" என்றார். எந்த 'நம்ம' என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்துதான் விண்ணப்பித்திருந்தன. இந்தப் பக்கத்து நாடுகள் சாப்பாட்டுக்கே யாருடையது என்று சண்டை போடுகிறவை, அதனால் எனக்கு அது பெரிய சங்கதியாகத் தெரிந்தது.

இரண்டாவது முயற்சியை எங்கே தொடங்கினேன் என்றால், 'பாகி-சோரே' என்கிற துணியில். காலை-மாலை என்று அர்த்தம். ஒரே நீளத்துணியைக் குறுக்கே பிரித்து இரண்டு பாதியிலும் இரண்டு கோலம், எந்தப் பாதி வெளியே தெரிகிறதோ அதற்கேற்ப ஒரே துணி இரண்டு உடை. ஜப்பானியர் ஆண்ட 1942-45 காலத்தில் இந்த அமைப்பு ரொம்பப் பெருகியது. துணித் தட்டுப்பாடு, வேலையாட்களுக்கோ வேலை கொடுக்க வேண்டும், அதனால் இருக்கிற கொஞ்சம் துணியில் இண்டு இடுக்கு விடாமல் பூவும் பட்டாம்பூச்சியும் போட்டுத் தள்ளினார்கள். பஞ்ச காலத்துத் துணி பார்க்க அவ்வளவு செழிப்பாக இருப்பது ஒரு விசித்திரம்.

இரண்டரை மீட்டர் புதுப் பருத்தி வாங்கினேன். ஒரு பாதி தாத்தாவின் கட்டம், இன்னொரு பாதி பீபிக்கின் பூ. இந்த முறை எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு. வெட்டிக் கெடுத்த அந்தக் கெப்பாலாவையே படம் எடுத்து, அதே அளவில் ஒளிபுகும் தாளில் அச்செடுத்தேன். துணியில் சயனோடைப் கரைசலைத் தடவி இருட்டில் காயவைத்து, மேலே தாளை விரித்து, எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் வெயிலில் வைத்தேன். வெயில் பட்ட இடம் நீலமாகும், படாத இடம் கழுவினால் வெள்ளை. இருபது நிமிடம் போதும், ஆனால் இது சிங்கப்பூர், பத்தாவது நிமிடம் மேகம் வந்துவிடும். மூன்று முறை பாழாகி நான்காவது முறை பூ விழுந்தது. கட்டங்களை அச்செடுக்காமல் ஓட்டுத்தையலில் போட்டேன். அது மாசக்கணக்கில் இழுத்தது, பேருந்தில்கூடத் தைத்தேன். தாத்தாவின் கைலியில் கெப்பாலா வரவேண்டிய இடத்தில் அவர் அடையாள அட்டைப் படத்தைச் சின்னதாக அச்சடித்துச் சேர்த்தேன்.

அதை எடுத்துக்கொண்டு பீபிக் வீட்டுக்குப் போனேன். மேசையில் விரித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தன் ரோஜாவைக் கண்டுபிடித்துவிட்டார், விரல் அதன் மேலேயே இருந்தது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "யார் செத்தது?"

நான் திரும்பவும் முழித்தேன். அவர்கள் வழக்கத்தில் நீலமும் வெள்ளையும் துக்கத்துக்கான நிறம். வீட்டில் சாவு விழுந்தால் பூப்போட்ட சிவப்பு, ரோஜா நிறச் சாரோங்கெல்லாம் பெட்டிக்குள் போய்விடும், நீல வெள்ளைப் பாத்திக் வெளியே வரும், துக்கம் குறையக் குறையப் பச்சைக்கு மாறுவார்கள். நான் ரசாயனம் தருகிற நிறத்தை எடுத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுப் பூவைத் துக்கத்துணியாக்கி அவர் மேசையில் விரித்திருக்கிறேன்.

கையெல்லாம் வியர்த்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு. "தாத்தா," என்றேன். அவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பீபிக் அந்தச் சின்னப் படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "ஆ, துறைமுகத்துக்காரர். கைலியைத் தப்பாகக் கட்டுவார்," என்றார்.

பூப் பாதியை அப்படியே விட மனமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தப் பாதியை மட்டும் சோடா நீரில் நனைத்து நீலத்தை வெளுக்கவைத்து, கெட்டியான தேநீரில் ஊறவைத்தேன், காப்பிக்கடை தே ஓ (பால் விடாத தேநீர்) போல் இருந்தது. நீலம் போய்ப் பழுப்பும் கறுப்புமாக வந்தது. நடுவில் கோடு கொஞ்சம் கசிந்துவிட்டது, தாத்தா பக்கத்தில் தேநீர் ஒரு விரல் அகலம் ஏறியிருக்கிறது. எடுக்கப் பார்த்து விட்டுவிட்டேன்.

வகுப்பில் கேட்டார்கள், கண்காட்சிக்குச் சட்டம் போட்டுத் தருகிறாயா என்று. பீபிக்கிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். இந்த முறை அவர் விரித்துப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார், முடிச்சுகள் அசிங்கமாக இருக்கின்றன என்றார், உண்மைதான். பிறகு இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே மூன்று மடிப்பு, உள்ளங்கையால் ஒரு நீவல். கேன்வாஸை யாரும் இப்படி மடிக்க முடியாது. எழுந்து உள்ளே போனார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் மூடுகிற சத்தம்.

நான் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.